கதவு நாளின் முதல் வரி

வருடத்தில் ஒரு நாளை முழுசாக விலைக்குக் கேட்டால் என்ன கொடுப்பார்கள்? பூட்டுக்கடைக்காரிக்கு அந்த விலை ஒரு காலை, போணி ஆவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் தானாக ஏறி இறங்கும் ஷட்டர் ஒன்று, ஐந்து வருட இலவசப் பராமரிப்பு, ரிமோட் இரண்டு.

"ரெண்டாவது ரிமோட் எதுக்கு?" என்று கேட்டாள். வாயைத் திறந்தவுடன் வேண்டாம் என்று சொல்கிறவள் வியாபாரி வீட்டில் பிறந்திருக்க முடியாது. எதிராளி எதுவரை இறங்கி வருவான் என்று பார்த்துக்கொண்டு, அதன் பிறகுதான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

"ஒண்ணு சாருக்கு, மேடம்," என்றார் நிறுவனத்து ஆள். இளநீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, அட்டையில் இருக்கும் புகைப்படத்தைவிடக் கொஞ்சம் களைத்த முகம்.

சார் என்றது அவள் கணவரை. பழைய ஷட்டரைத் தோள் கொடுத்து முட்டி ஏற்றிவிட்டு, அந்தத் தோளைத் தானே பிடித்துவிட்டபடி, சாவி வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிற கடையின் ஷட்டர் தினமும் பாதியில் சிக்கிக்கொள்வது அந்தத் தெருவுக்கு இலவசக் காட்சி. நிறுவனத்து ஆளும் எதிர்ச்சாரியில் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்.

"நாங்க எதையும் எழுதச் சொல்லலை மேடம். எழுதாம இருக்கத்தான் சொல்றோம். கதவு நாள் பக்கத்துல நீங்க இனிமே கை வைக்க வேண்டாம். அவ்வளவுதான்."

"சும்மா இருக்கறதுக்கே ஷட்டர்னா, நான் இதுவரைக்கும் எழுதினதுக்கு ஒரு கடைத்தெருவே கொடுக்கணும் போலிருக்கே."

கணவர் இயந்திரத்தை ஓடவிட்டார். சிரிப்பு வந்தால் அவர் அதைத்தான் செய்வார்.

கதவு நாள் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: முன்னொரு காலத்தில் 'ஒன்பதாம் கிரகத்து டாக்சி' என்று ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. கிரகம் விட்டுக் கிரகம் சவாரி ஏற்றும் ஒரு டாக்சிக்காரனின் கதை. செட் எல்லாம் அட்டைதான். விண்கல் வந்து மோதினால் நடிகர்களே காமிராவை ஆட்டிவிட்டு வந்தார்கள் என்று பேச்சு. ஆனாலும் அதைப் பார்க்க ஒரு கூட்டம் இருந்தது. பார்க்க ஆள் இருக்கிறது என்று தெரிவதற்குள் சேனல்காரர்கள் தொடரை நிறுத்திவிட்டார்கள். கடைசி அத்தியாயத்தில் டாக்சிக்காரன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பயணிக்காகக் காத்திருக்கிறான். பயணி வருவதற்கு முன் சோப்பு விளம்பரம் வந்தது. அதன் பிறகு எதுவுமே வரவில்லை.

அடுத்த வருடம் அந்த நாளை நினைத்து ஒருத்தி தன் கடைக் கதவைத் திறந்து வைத்து, அதில் ஒரு தாள் ஒட்டினாள்: 'பயணி வரும்வரை இந்தக் கதவு மூடப்படாது.' யாராவது உள்ளே வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு, டாக்சிக்காரன் சொல்கிற மாதிரியே, "ஏறுங்க, மீட்டர் ஓடிக்கிட்டு இருக்கு" என்பாள். வந்தவர்களில் தொடரைப் பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். பார்க்காதவர்கள் பயந்து ஓடினார்கள். அதற்கடுத்த வருடம் பத்துப் பதினைந்து கடைகள், வீடுகள். பிறகு வேறு ஊர்கள். இப்போது அந்த நாளில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கதவாவது உங்களுக்காகத் திறந்திருக்கும்.

கதவைத் திறந்து வைத்தவள் பூட்டுக்கடைக்காரியின் நாத்தனார். பூட்டுக்கடைக்கு இரண்டு கடை தள்ளி நகல் எடுக்கும் கடை வைத்திருப்பவள். தெருவில் எல்லோருக்கும் அவள் ஜெராக்ஸ்.

இணையக் கலைக்களஞ்சியத்தில் கதவு நாளுக்கு ஒரு பக்கம் உண்டு. அதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். யார் திருத்தியதையும் யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். பொருளே விற்காமல், லாபமே பார்க்காமல், நாள் முழுக்கப் பேரம் மட்டும் நடக்கிற சந்தை என்று ஒன்று இருக்க முடியும் என்பதைப் பூட்டுக்கடைக்காரி அங்கேதான் கண்டாள். கண்டதும் மயங்கிவிட்டாள். 'கொண்டி' என்று, பூட்டு மாட்டும் வளையத்தின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் இல்லாத பொழுதில் பல வருடமாக அந்தப் பக்கத்தைத் துடைத்துப் பெருக்கி வைத்திருந்தாள். முதல் வரி இப்படி இருந்தது: 'கதவு நாள் என்பது ரசிகர்கள் தாமே தொடங்கி ஆண்டுதோறும் கொண்டாடும் நாள்.' ஆதாரம் இல்லாத வரிதான். ஆனால் எல்லோருக்கும் தெரிந்ததற்கு யார் ஆதாரம் கேட்கப்போகிறார்கள் என்று விட்டிருந்தாள்.

அந்தச் சேனலை, அதன் பழைய தொடர்களையும் அட்டை விண்கற்களையும் சேர்த்து, ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. வாங்கியவர்கள் தொடரை மறுபடி எடுக்கப் போகிறார்கள். நல்ல விஷயம். கூடவே 'கதவு நாள்' என்ற பெயரையும் தங்கள் பெயரில் பதிவு செய்ய விண்ணப்பித்தார்கள். பதிவாகிவிட்டால் ரசிகர்கள் அந்தப் பெயரில் கூடுவதற்கு அனுமதி வாங்க வேண்டும், அனுமதிக்குக் கட்டணம். நாளைத் தொடங்கியது நாங்கள்தான் என்று நிறுவனம் சொன்னது. சொல்வதற்கு வசதியாகக் களஞ்சியத்தில் 'உண்மை விரும்பி' என்று ஒருவர் திடீரென்று முளைத்து முதல் வரியை மாற்றினார்: 'கதவு நாள் என்பது தொடரின் கடைசி அத்தியாயம் ஒளிபரப்பான பதினைந்தாம் தேதியில், தயாரிப்பு நிறுவனம் அறிவித்துத் தொடங்கிய நாள்.' ஆதாரமாக, போன மாதம் ஒரு பத்திரிகையில் வந்த நிறுவனத்தின் செய்திக்குறிப்பு.

பூட்டுக்கடைக்காரி அதை அழித்தாள். உண்மை விரும்பி மறுபடி போட்டார். அழித்தாள். போட்டார். கொண்டி யார் என்று விசாரித்துக்கொண்டு இளநீலச் சட்டை கடைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

"யோசிச்சுச் சொல்லுங்க மேடம். பதிவு அலுவலகத்துல, பத்திரிகையில, எல்லாரும் முதல்ல பார்க்கறது அந்தப் பக்கத்தைத்தான். நீங்க ஒருத்தர் பிடிச்சு இழுக்கறதால எங்களுக்குச் சின்ன சங்கடம்."

"யோசிச்சுட்டேன். ஷட்டர் ரொம்ப நல்லா இருக்கு. வேற யாருக்காவது கொடுங்க."

அவர் போன பிறகு கணவர் தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு ரிமோட்டுல ஒண்ணை மட்டுமாவது வாங்கியிருக்கலாம்."

"ஷட்டர் இல்லாம ரிமோட்டை வச்சு என்ன பண்ணுவீங்க?"

"சும்மா அமுக்கிக்கிட்டு இருப்பேன். உனக்கு அந்தக் களஞ்சியம் இருக்குல்ல, அது மாதிரி."

அன்று மதியம் அவள் திறந்து பார்த்தபோது பக்கத்தின் மூலையில் ஒரு சின்னப் பூட்டுப் படம். சண்டை முற்றிவிட்டதால் பக்கத்தை நிர்வாகி பூட்டிவிட்டார். நிர்வாகியின் புனைபெயர் 'தராசு'. எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ, யாருக்கும் தெரியாது. பூட்டிய நேரத்தில் பக்கத்தில் இருந்தது உண்மை விரும்பியின் வரி.

"எனக்கே பூட்டுப் போட்டுட்டானுங்கடி," என்று ஜெராக்ஸிடம் போய்ச் சொன்னாள்.

ஜெராக்ஸ் யாருடைய வீட்டுப் பத்திரத்தையோ இயந்திரத்தில் குப்புறப் போட்டு மூடியை அமுக்கிக்கொண்டிருந்தாள். "எந்த கம்பெனி பூட்டு அண்ணி? கள்ளச்சாவி போட முடியாதா?"

"விளையாடாதே. நீதான் ஆரம்பிச்சேன்னு ஒரு பத்திரிகைக்காரன்கிட்ட வாயைத் திறந்து சொல்லு. அச்சுல வந்தா அது ஆதாரம். நான் போட்டுக்கறேன்."

"ஐயோ, பேப்பர்ல என் பேர் வந்தா கடை ஓனர் வாடகையை ஏத்திடுவார். எனக்கு எதுக்கு அந்த வம்பு? நான் என்ன கொடியா பிடிச்சேன், கதவைத்தானே திறந்தேன்." வெளிச்சம் ஒருமுறை ஓடித் திரும்பியது. சூடான தாளை எடுத்து உதறியவள், சட்டென்று நிறுத்தினாள். "அந்தப் பக்கத்தை நானும் பார்த்தேன். கடைசி அத்தியாயம் வந்த தேதி பதினஞ்சுன்னா போட்டிருக்கான்?"

"ஆமா."

"அது பதினாலாம் தேதியாச்சே. நாம கொண்டாடறது பதினஞ்சு."

பூட்டுக்கடைக்காரிக்கு அது மறந்தே போயிருந்தது. முதல் வருடம் ஜெராக்ஸ் கடையில் காலண்டர் தாளைக் கிழிக்க மறந்திருக்கிறாள். சுவரில் பதினான்கு என்று இருந்ததை நம்பி, பதினைந்தாம் தேதி கதவைத் திறந்து வைத்துவிட்டாள். தவறு தெரிந்தபோது நாலு ஊருக்குப் பரவிவிட்டது. அதற்குப் பிறகு திருத்துவது அசிங்கம் என்று எல்லோரும் பதினைந்தையே பிடித்துக்கொண்டார்கள்.

"பார்த்தியா அண்ணி," என்றாள் ஜெராக்ஸ் பெருமையோடு. "தூக்கிட்டுப் போனவன் என் தப்பையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போயிருக்கான். கொஞ்சம் திறந்து பார்த்திருக்க வேண்டாமா?"

பக்கம் பூட்டியிருந்தாலும் அதன் உரையாடல் பகுதி திறந்துதான் இருக்கும். பூட்டுக்கடைக்காரி அங்கே எழுதினாள்: தொடர் முடிந்தது பதினான்கு, நாள் பதினைந்து, தன் தொடரின் தேதியே தெரியாத நிறுவனம் எப்படி அதை அறிவித்திருக்க முடியும்? தராசு பதில் எழுதினார்: 'நியாயமான கேள்வி. ஆனால் இது உங்கள் சொந்த ஊகம். இங்கே ஊகத்துக்கு இடமில்லை. அச்சில் வந்த, சார்பில்லாத ஆதாரம் தேவை.' உண்மை விரும்பி அதன் கீழே ஒரு புன்னகை முகம் போட்டார்.

வியாபாரத்தில் தோற்றால் சரக்காவது மிஞ்சும். இங்கே தோற்றால் அடுத்த வருடம் ஜெராக்ஸ் தன் கடைக் கதவைத் திறந்து வைக்க ஒருவனிடம் ரசீது வாங்க வேண்டும்.

யோசித்தாள். கதவு நாளைப் பற்றி அச்சில் என்ன வந்திருக்கும்? ரசிகர்கள் கையால் எழுதி நகல் எடுத்துப் பரப்பிய தாள்கள் கணக்கில் வராது. பத்திரிகைகள் அப்போது சீண்டவில்லை. ஒரே ஒரு தடவை... ஆமாம், ஒரே ஒரு தடவை! இரண்டாவது வருடமோ மூன்றாவது வருடமோ, ஒரு வீட்டில் திறந்திருந்த கதவு வழியாகப் பயணிக்குப் பதில் திருடன் வந்து தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அந்த வாரம் கடையில் விலைபோகாமல் கிடந்த பழைய சரக்கு வரை எல்லாப் பூட்டும் விற்றுப் போனது. ஒரு வாடிக்கையாளர் பத்திரிகையை மேசையில் விரித்து, "சேனல்காரனே கைகழுவிட்டான் பாருங்க, நல்லதா ஒண்ணு கொடுங்க" என்று கேட்டது அவள் காதில் இப்போதும் ஒலித்தது. நல்ல வியாபாரம் நடந்த வாரத்தை அவள் மறந்ததில்லை.

மறுநாள் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு, ஜெராக்ஸையும் இழுத்துக்கொண்டு பொது நூலகத்துக்குப் போனாள். பழைய பத்திரிகைகளை மாதவாரியாகக் கட்டி, கீழ்த்தளத்தில் இரும்பு அலமாரிகளில் படுக்கவைத்திருந்தார்கள். ஒரு கட்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். புரட்டினால் தும்மல். நூலகர், எச்சில் தொட்டுப் புரட்டக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஜெராக்ஸ் பாதி நேரம் பழைய புடவை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இந்த விலைக்கு அப்பவே ஒரு டஜன் வாங்கிப் போட்டிருக்கலாம்."

"வாயை மூடிக்கிட்டுத் தேடு."

கடைசியில் கண்டுபிடித்ததும் ஜெராக்ஸ்தான்; புடவைக் கடை விளம்பரத்துக்கு நேர் கீழே இருந்தது. கறுப்புக் கட்டத்துக்குள் 'பொது அறிவிப்பு'. சேனலின் பெயர், முத்திரை, சட்ட ஆலோசகரின் கையொப்பம். 'எங்கள் தொடரின் பெயரால் சிலர் பதினைந்தாம் தேதி வீடுகளிலும் கடைகளிலும் கதவைத் திறந்துவைத்து ஏதோ ஒரு நாளைத் தாங்களாகவே கொண்டாடி வருவதாக அறிகிறோம். இதை நாங்கள் தொடங்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை. இதற்கும் எங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதனால் ஏற்படும் இழப்புகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல.'

பூட்டுக்கடைக்காரி அதை மெதுவாக இரண்டு தடவை படித்தாள். காசு கொடுத்து, கட்டம் கட்டி, கையெழுத்துப் போட்டு, ஊரறியச் சொல்லியிருக்கிறார்கள். "நாங்கள் தொடங்கவும் இல்லை," என்று மூன்றாம் தடவை வாய்விட்டுப் படித்தபோது நூலகர் எட்டிப் பார்த்தார்.

உரையாடல் பகுதியில் பத்திரிகையின் பெயர், தேதி, பக்க எண் எல்லாம் போட்டு எழுதினாள். உண்மை விரும்பி உடனே, இணையத்தில் இல்லாததை எப்படி நம்புவது என்றார். அச்சில் இருந்தால் போதும், ஆனால் இன்னொருவரும் நேரில் பார்த்து உறுதி செய்யட்டும் என்றார் தராசு. 'மழைக்குடை' என்ற புனைபெயரில் எழுதும் ஒரு ரசிகர் வேறொரு ஊர் நூலகத்தில் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கடைக்குத் தொலைபேசி வந்தது. இளநீலச் சட்டையின் குரல். இந்தத் தடவை ஒவ்வொரு 'மேடம்'க்கும் நடுவில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"மேடம், நகல் கடை அம்மா உங்க நாத்தனார்தானே? உங்க தெருவுல விசாரிச்சேன். உங்களை 'அண்ணி'ன்னுதான் கூப்பிடறாங்களாம்."

"ஆமா, வேற எப்படிக் கூப்பிடுவா?"

"சொந்தக்காரங்க விஷயத்துல எழுதக்கூடாதுன்னு களஞ்சியத்துல விதி இருக்கு. நீங்க இதுவரைக்கும் அதைச் சொல்லலை. நாங்க எடுத்துச் சொன்னா உங்களை அந்தப் பக்கத்தைவிட்டே தள்ளி வச்சுடுவாங்க. நீங்க போய்ட்டா அதைப் பார்த்துக்க யார் இருக்கா? அந்த அறிவிப்பை நீங்களே வாபஸ் வாங்குங்க. நாங்களும் வாயைத் திறக்க மாட்டோம். ஷட்டர் அப்படியே இருக்கு."

"இன்னும் ரெண்டு ரிமோட்தானா?"

"மூணு கூடத் தரலாம் மேடம்." அவர் நிஜமாகவே நம்பிவிட்டார்.

ஆள் சொன்னதில் பொய் இல்லை. விதி இருக்கிறது. இத்தனை வருடம் ஜெராக்ஸ் பெயரை எங்குமே எழுதாததால், விதி தனக்கில்லை என்று நினைத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் அவள் கை படாத வாக்கியமே இல்லை. எவனோ வந்து கெட்ட வார்த்தை எழுதிவிட்டுப் போனால் விடிவதற்குள் துடைத்து வைப்பவள் அவள். அதைத் தொடவே கூடாது என்றால், கடையில் இருந்துகொண்டே கல்லாவைத் தொடாதே என்கிற மாதிரி.

ஆனால் அறிவிப்பு அவளுடையது இல்லையே. அது அவர்களே அச்சடித்தது. அவள் போனாலும் அது போகாது.

"தம்பி," என்றாள். "பேரத்துல ஒரு தப்புப் பண்ணிட்டீங்க. என்கிட்ட இருக்கறது ரெண்டு சரக்கு. ஒண்ணு நான். இன்னொண்ணு உங்க பேப்பர். என்னை வாங்கினா அதுவும் சேர்ந்து வரும்னு நினைச்சீங்க. அது தனிக் கடை."

தொலைபேசியை வைத்துவிட்டு, கணவரின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

"என்னம்மா எழுதறே?" என்றார் அவர்.

"வாக்குமூலம்."

அவள் எழுதியது இது: 'நான் பூட்டு விற்பவள். கதவு நாளைத் தொடங்கியவர் என் கணவரின் தங்கை. இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இந்தப் பக்கத்தைத் தொடாமல் இருக்க நிறுவனம் எனக்கு ஒரு தானியங்கி ஷட்டர் தருவதாகச் சொன்னது. இன்று மாலை மறுபடியும் சொன்னது. நான் வாங்கவில்லை. விதிப்படி என்னை விலக்குங்கள். ஆனால் அறிவிப்பு எனக்குச் சொந்தமில்லை, அது எனக்குச் சொந்தக்காரரும் இல்லை. அதை அதன் எடைக்கு எடை போடுங்கள். உண்மை விரும்பி அவர்களே, நான் யார் வீட்டு மருமகள் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று நீங்களும் சொல்லுங்கள்.'

கணவர் தோளுக்கு மேலிருந்து படித்தார். "ரிமோட் மூணுன்னு எழுதலையே. பேரம் எவ்வளவு தூரம் போச்சுன்னு தெரிய வேண்டாமா?"

அவள் அதையும் சேர்த்தாள்.

உண்மை விரும்பி பதில் எழுதவில்லை. புன்னகை முகம்கூடப் போடவில்லை. மழைக்குடை தன் ஊர் நூலகத்தில் அதே அறிவிப்பைப் பார்த்ததாக எழுதினார்; தும்மல் நிற்கவில்லை என்றும் எழுதினார். தராசு அதற்குப் பிறகு இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு நாளும் பூட்டுக்கடைக்காரி வாடிக்கையாளர்களுக்குத் தப்புச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பு வந்த காலை, ஜெராக்ஸ் தன் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். மூன்று தலைகள் ஒரு திரைக்கு முன்னால் முட்டிக்கொண்டன. முதல் வரி மாறியிருந்தது: 'கதவு நாள் என்பது ரசிகர்கள் தாமே தொடங்கிய நாள், தனக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அன்றைய தயாரிப்பு நிறுவனம் பொது அறிவிப்பு வெளியிட்டது.' பக்கத்தில் கை வைக்க உண்மை விரும்பிக்குத் தடை. கொண்டிக்கும் தடை.

"ஜெயிச்சாச்சா, தோத்தாச்சா?" என்றார் கணவர்.

"இனிமே அந்தப் பேரை அவனுங்க பதிவு பண்ணட்டும் பார்க்கலாம்," என்றாள் பூட்டுக்கடைக்காரி. "எதிர்த்து மனுப் போடறவன் இந்த வரியை நகல் எடுத்து ஒட்டினா போதும்."

"நகல் என் கடையில எடுக்கச் சொல்லு," என்ற ஜெராக்ஸ், திரையை விரலால் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனாள். கடைசிவரை போனாள். திரும்ப மேலே வந்தாள்.

"என்னடி தேடறே?"

"ஒண்ணுமில்ல." மறுபடி கீழே தள்ளினாள். "இதுல என் பேரு எங்கயும் இல்லையா அண்ணி?"

"வாடகை ஏறிடும்னு சொன்னியே."

"அது வேற." ஜெராக்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஏறினா ஏறட்டும்."

"அறிவிப்புல 'சிலர்'னுதான் போட்டிருக்கான். அச்சுல பேர் வராம இங்க போட மாட்டாங்க. போடச் சொல்லி நான் வாயைத் திறக்கவும் முடியாது, நான் சொந்தக்காரி. நீ எந்தப் பத்திரிகைக்காரன்கிட்ட பேசறே சொல்லு, நான் கூட வந்து உட்கார்ந்துக்கறேன்."

"பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போன ஜெராக்ஸ், நாலு அடி போய்த் திரும்பி நின்றாள். "பேசும்போது அந்தக் காலண்டர் கதையைச் சொல்லணுமா, வேண்டாமா?"

"அதைத்தான் முதல்ல சொல்லணும்."

அவள் போனதும் பூட்டுக்கடைக்காரி, வியாபாரி வீட்டுப் பழக்கத்தில், மனதுக்குள் கணக்கை முடித்தாள். வரவு, ஒரு வாக்கியம். அதன் வாலில் அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஓர் அடிக்குறிப்பு. செலவு, இத்தனை வருடம் துடைத்து வைத்த பக்கத்தில் இனி அவளால் ஒரு காற்புள்ளிகூட வைக்க முடியாது. பாக்கி, நாத்தனாருக்கு ஒரு பெயர்.